மாதா ஏறி வந்த கார்

ஜெயராணி கார் வாங்கியதில் எங்கள் ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம், அவள் வீட்டுக்காரர் பெரியநாயகம் ஒருத்தரைத் தவிர. வண்டி வந்து இறங்கிய அன்று ஊரே களத்தில் நின்று வேடிக்கை பார்க்க, அந்த மனுஷன் டிராக்டருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு இல்லாத ரிப்பேரைத் தேடிக்கொண்டிருந்தார். நான் எதிர்வீட்டுக்காரி, பெயர் சின்னம்மாள். அவர்கள் வீட்டில் நடப்பது என் கண்ணுக்குத் தப்பாது. தப்பினால்தான் எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டிக்குப் பக்கம். பாதி மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள், பாதி எங்களைப் போல மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். மாசி பிறந்துவிட்டால் இரண்டு பாதிக்கும் ஒரே வேலைதான், புளி. ஜெயராணி மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, உலுக்கி, காயவைத்து, எங்களை உட்காரவைத்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி மண்டிக்கு அனுப்புகிறவள். வைகாசி வரைக்கும் அவள் களத்தில் பத்துப் பதினைந்து பொம்பளைகள் கட்டையில் புளியை வைத்து இரும்பால் டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டிருப்போம். விரலெல்லாம் எரியும், வாய் மட்டும் ஓயாது.

வருஷக்கணக்காக ஸ்கூட்டரில் மண்டிக்கும் மரத்துக்கும் அலைந்து அவள் இடுப்பு போய்விட்டது. ஓசூரில் வேலை செய்கிற மகள் பிளசிதான், "ஸ்கூட்டர தூக்கிப் போடும்மா, கரண்டு கார் வாங்கு" என்று பிடிவாதம் பிடித்தாள். ஜெயராணி தர்மபுரிக்குப் போய் ஓட்டப் பழகினாள், லைசென்ஸ் எடுத்தாள், தன் புளிக் காசில் வாங்கினாள். வெள்ளைக் கார். சத்தமே வராது. கதவில் பிடிக்கிற கைப்பிடிகூட வெளியே தெரியாது. சாவிக்குப் பதில் ஒரு அட்டை, அதைக் காட்டினால் கைப்பிடி தானே வெளியே வரும். உள்ளேயிருந்து திறக்கவும் பொத்தான்தான்.

"இது என்னாங்கடி கதவு? பிடிக்கிறதுக்கு ஒண்ணுங் காணோம்" என்று நான் கேட்டேன்.

"எல்லாம் கரண்டுக்கா. தொட்டா போதும்" என்றாள்.

"கரண்டு இல்லைன்னா?"

"அடியில பூரா பேட்டரிக்கா. கரண்டு எங்க போவும்?"

அவளுக்கு அப்போது அவ்வளவுதான் தெரியும். எனக்கு அதுவும் தெரியாது.

பெரியநாயகம் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. ஊரில் யார் நிலத்தில் ஏர் ஓட்ட வேண்டுமானாலும் முன்னால் டிராக்டரோடு நிற்பார். ஆனால் வீம்பு மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு. ஒருநாள் மத்தியானம் களத்தில் களியும் கருவாட்டுக் குழம்பும் தின்றுகொண்டிருந்தோம். ஜெயராணி மண்டிக்குக் கிளம்பினாள்.

"ஏங்க, பாப்பாரப்பட்டி வரைக்கும் வாங்களேன். திரும்பி வர்றப்ப உங்க ஆயில் டின்னையும் ஏத்தியாந்துடலாம்."

"எனக்கு டிராக்டர் இருக்குது."

"இந்த வெயில்ல டிராக்டர்லயா? கார்ல ஏசி போட்டு ஜிலுஜிலுன்னு போலாமில்ல?"

"ஜிலுஜிலுன்னு நீ போ. பொண்டாட்டி ஓட்டுறா, பக்கத்துல இவன் குந்திக்கிட்டு போறான் பாருன்னு சந்தையில நாலு பேரு பல்ல இளிக்கணும், அதான உனக்கு?"

"நாலு பேரா வந்து நமக்குக் களி கிண்டிப் போடுறான்?"

"உன் வாய்க்கு நான் பதில் சொல்ல முடியாது. நான் அதுல ஏற மாட்டேன், போ."

அவள் முகத்தை ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர் களியை முழுங்கிக்கொண்டே கார் வளைவில் திரும்பும் வரை பார்த்தார். "பிரேக்க மெதுவா போடத் தெரியுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் காதில் விழாத மாதிரி குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

மே மாசம் வேதக்காரர்களுக்கு மாதா மாசம். கோயிலிலிருந்து மாதா சொரூபம் கிளம்பி, ஒருநாள் ஒரு வீடு என்று தங்கும். ஜெபமாலை சொல்லி, பாட்டுப் பாடி, சுண்டலும் பானகமும் கொடுப்பார்கள். மறுநாள் மத்தியானத்துக்கு மேல் அடுத்த வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுக்கு மாதா வருகிறாளோ அந்த வீட்டு ஆம்பளைதான் சொரூபத்தைத் தன் கையால் சுமந்து வர வேண்டும், வீட்டு ஜனம் எல்லாம் வாசலில் நின்று வரவேற்ற பிறகுதான் கீழே இறக்க வேண்டும். போன வருஷம் வரை நடந்தே சுமந்தார்கள். இந்த வருஷம் சேலத்திலிருந்து புதுச் சொரூபம் வந்திருந்தது, இடுப்பு உயரம், நல்ல கனம். வெயிலும் மண்டையைப் பிளந்தது. ஜெயராணி, "என் கார்ல மாதா போகட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

மைக் செட்டு அந்தோணி பிரகாஷுடையது. பெரியநாயகத்தின் தம்பி மகன். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவன், ஆனால் மைக்கைக் கையில் பிடித்தால் வயசு குறைந்துவிடும். முன்னெல்லாம் ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு வருவான். இப்போது எதற்கு ஜெனரேட்டர்? காரின் முன் மூடியைத் திறந்தால் டிராக்டரில் இருப்பது போலச் சின்னதாக ஒரு பேட்டரி இருந்தது. ஆம்ப்ளிபயர் வயரையும் சீரியல் லைட்டு வயரையும் அதில் மாட்டினான். மூடியை லேசாகச் சாத்தி வயரை வெளியே விட்டான். கார் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் பொழுதுக்கும் பாட்டு ஓடும், விளக்கு மினுக்கும்.

"ஏண்டா, பேட்டரி தீந்துடாதா?" என்று ஒருநாள் அவனைக் கேட்டேன்.

"சின்னம்மாக்கா, இந்தக் காரு ஊருக்கே லைட்டு போடும். என் மைக்கு செட்டு எம்மாத்திரம்? யானைகிட்ட ஒரு வாழப்பழம் புடுங்கித் தின்ன மாதிரி."

எல்லோரும் சிரித்தோம். ஜெயராணியும் பெருமையாகத்தான் சிரித்தாள்.

மாதா அவர்கள் வீட்டுக்கு வருகிற நாளும் வந்தது. காலையிலேயே புளி மூட்டையெல்லாம் ஓரங்கட்டி, களத்தைக் கூட்டிச் சாணி தெளித்து, புளியமரத்து நிழலில் பந்தல் போட்டாயிற்று. அன்றைக்கு எங்களுக்கு வேலை இல்லை, ஆனால் ஒருத்தியும் வீட்டில் உட்காரவில்லை. வீட்டு ஆம்பளைதான் சொரூபத்தைப் பிடித்து வர வேண்டும் என்பதால் பெரியநாயகத்துக்குத் தப்ப வழியில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மாதா தங்கியிருந்த வீட்டு வாசலில் நின்ற கார்ப் பக்கம் வந்தார்.

"மாதாவுக்காக ஏறுறேன். உனக்காக இல்ல. தெரிஞ்சுக்க" என்றார்.

"நான் ஒண்ணுஞ் சொல்லலையே. முன்னாடி ஏறுங்க, கால் நீட்ட வசதியா இருக்கும்."

"பின்னாடியே குந்திக்கிறேன்."

பின் சீட்டில் இடப்பக்கமாக ஏறி, சொரூபத்தை மடியில் நிறுத்தி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். பக்கத்தில் சுண்டல் அண்டா, பூக்கூடை, மெழுகுவர்த்திப் பெட்டி. ஒரு ஸ்பீக்கர் கூரைமேல்; முன்சீட்டில் பிரகாஷின் ஆம்ப்ளிபயரும் இன்னொரு ஸ்பீக்கரும், வயர் கதவு இடுக்கு வழியாக வெளியே. வெயிலுக்காகப் பின் கண்ணாடியில் ஜெயராணி மாட்டியிருந்த திரையை அவரே எட்டி இழுத்துவிட்டுக்கொண்டார். வெயிலுக்கா, நாலு பேருக்கா என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கார் எங்கள் நடைக்கு நடை நகர்ந்து வந்தது. பாட்டு, பட்டாசு, பூ. களத்துக்குள் நுழைந்து ஜெயராணி வண்டியை நிறுத்தினாள். நிழலைப் பந்தல் பிடித்துக்கொண்டதால் கார் வெயிலில்தான் நின்றது. "எல்லாரும் வந்து நிக்கிற வரைக்கும் எறங்காதீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, வண்டியை அணைத்து, இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, பூத்தட்டும் மெழுகுவர்த்தியும் எடுக்க உள்ளே ஓடினாள். வெளியே பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பாட்டு இழுக்க ஆரம்பித்தது. பொம்பளைக் குரல் ஆம்பளைக் குரலாகி, ஆம்பளைக் குரல் உறுமலாகி, அப்படியே நின்றுவிட்டது. சீரியல் லைட்டும் அணைந்தது.

"போச்சுடா பிரகாசு, உன் யானை படுத்துருச்சு" என்று நான் கத்தினேன். களமே சிரித்தது. அவன் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினான்.

அதற்குள் ஜெயராணி தட்டோடு வந்தாள். கோயில் மூப்பர் இன்னாசி, "மாதாவ எறக்கலாம், கதவத் தொற ஆத்தா" என்றார். அவள் அட்டையைக் காட்டினாள். கைப்பிடி வெளியே வரவில்லை. மறுபடி காட்டினாள். துடைத்துக் காட்டினாள். அந்தப் பக்கம் ஓடி, இந்தப் பக்கம் ஓடி நாலு கதவிலும் காட்டினாள். ஒன்றும் அசையவில்லை.

"ஏங்க, உள்ள பொத்தான அழுத்துங்க!"

திரை விலகியது. பெரியநாயகத்தின் முகம் தெரிந்தது. அதற்குள் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். பொத்தானை அழுத்திக் காட்டினார். கண்ணாடி இறக்குகிற பொத்தானையும் அழுத்திக் காட்டினார். வாய் அசைந்தது, வார்த்தை வெளியே வரவில்லை.

கத்தரி வெயில். வெறும் காலோடு களத்தில் நிற்க முடியவில்லை. கார் கூரையைத் தொட்ட பிரகாஷ் கையை உதறினான். உள்ளே எப்படியிருக்கும்?

அப்புறம் நடந்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், அன்றைக்கு ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒருத்தன் கதவு இடுக்கில் கடப்பாரையை விடலாம் என்றான். ஒருத்தி தண்ணீரைக் கொண்டுவந்து கூரைமேல் ஊற்றினாள். ஜெயராணி பிளசிக்குப் போன் போட்டு, சத்தமாக வைத்தாள்.

"பிளசி, கார் கதவு தொறக்கல! அப்பா உள்ள மாட்டிக்கிட்டாரு!"

"எந்த லைட்டாவது எரியுதாம்மா?"

"ஒண்ணும் எரியல. பிரகாசு பாட்டு போட்டான், அது நின்னுச்சு, எல்லாம் நின்னுச்சு."

"பாட்ட எதுலம்மா மாட்டினான்? அய்யோ, முன்னாடி இருக்கிற சின்ன பேட்டரியிலயா? அம்மா, கதவு, கண்ணாடி, லாக்கு எல்லாமே அந்தச் சின்னதுலதாம்மா ஓடுது. கீழ இருக்கிற பெருசு சக்கரத்த ஓட்டத்தான். சின்னது செத்தா கதவு செத்துரும்."

"இப்ப என்னாடி பண்றது?"

"இரு, இரு, பாக்கறேன்... முன் கதவுல பொத்தானுக்குக் கீழயே ஒரு கம்பி இருக்குதாம், அத இழுத்தா தொறக்கும். பின் கதவுல, சாமான் வைக்கிற குழியில ரப்பர் விரிப்பு இருக்கும் பாரு, அதத் தூக்கினா ஒரு வயர் வளையம் இருக்குமாம். அப்பாவ இழுக்கச் சொல்லு!"

கண்ணாடிக்கு வெளியே ஜெயராணியும், பிரகாஷும், நானும், இன்னும் பத்துப் பேரும், "ரப்பரு! ரப்பரத் தூக்குங்க! வளையம்! இழுங்க!" என்று ஒரே நேரத்தில் கத்தினோம். குனி, தூக்கு, இழு என்று கையால் ஜாடை காட்டினோம். அவர் எங்களைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்து, கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். ஜெபம் பண்ணச் சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார். ஒருத்தர் பேசி மற்றவர் வாயை மூடியிருந்தால் கேட்டிருக்குமோ என்னவோ. ஒரு அட்டையில் பெரிசாக எழுதிக் காட்டியிருக்கலாம் என்று மறுநாள் எனக்குத் தோன்றியது. அன்றைக்கு யாருக்குத் தோன்றியது?

"போன் பண்ணு, அவருக்குப் போன் பண்ணு" என்றேன்.

"போனு டிராக்டர்ல கிடக்குதுக்கா" என்று அழுதாள்.

"மாதாவ கீழ வச்சுட்டு முன்சீட்டுக்குத் தாவச் சொல்லுங்க!" என்று பிரகாஷ் கத்தினான். ஜெயராணி கையைக் கூப்பி, சொரூபத்தைக் காட்டி, படுக்க வையுங்கள் என்று கெஞ்சினாள். இது அவருக்கு நன்றாகப் புரிந்தது. முடியாது என்று தலையை ஆட்டினார். வீட்டு ஜனம் வந்து கும்பிடுகிற வரை இறக்கக் கூடாது என்றால் கூடாது, அவ்வளவுதான். அந்த நேரத்திலும் வீம்பு! எனக்கு வந்த கோபத்துக்குக் கண்ணாடி மட்டும் இல்லாதிருந்தால் நாலு வாங்கியிருப்பார்.

கொஞ்ச நேரத்தில் தலை ஆடுவதும் நின்றது. வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நெற்றியைச் சொரூபத்தின் தோளில் சாய்த்துக்கொண்டார். கண் பாதி மூடியது, ஆனால் கை விடவில்லை.

ஜெயராணி கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். வாய்க்குள்ளேயே சொன்னாள், எனக்கு மட்டும் கேட்டது: "மாதாவே, அவர மட்டும் முழுசா குடுத்துரு. இந்தக் காரே எனக்கு வேணாம். வித்துடறேன். இனி சாகிற வரைக்கும் ஸ்டேரிங்க தொட மாட்டேன். இது உனக்கு நேந்துக்கிட்டதும்மா."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். ஓரங்கட்டி வைத்திருந்த புளிக் கட்டைகளுக்கு நடுவில் கையை விட்டு, நாங்கள் கொட்டை தட்டுகிற இரும்பு ஒன்றை எடுத்தாள்.

"கண்ணாடி மாதா மேல கொட்டும்!" என்று இன்னாசி குறுக்கே வந்தார்.

"தள்ளுங்க மூப்பரே. மாதாவுக்குத் தெரியும் நான் எதுக்கு ஒடைக்கிறேன்னு."

அவருக்குத் தூரமாக இருந்த டிரைவர் பக்கக் கண்ணாடிக்குப் போனாள். ஓங்கி நடுவில் அடித்தாள். இரும்பு துள்ளிக்கொண்டு திரும்பியது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

போனில் பிளசி கத்தினாள்: "நடுவுல இல்லம்மா! மூலையில! கீழ் மூலையில அடி!"

இரண்டாவது அடி மூலையில் விழுந்தது. கண்ணாடி முழுக்கக் கல்கண்டு கல்கண்டாக நொறுங்கி உள்ளே கொட்டியது. திறந்த அடுப்பிலிருந்து வருகிற மாதிரி சூடு வெளியே அடித்தது. ஜெயராணி கையை உள்ளே விட்டுத் துழாவி, பொத்தானுக்குக் கீழிருந்த கம்பியை இழுத்தாள். முன்கதவு திறந்தது. கண்ணாடித் தூள்மேலேயே முழங்காலை ஊன்றி ஏறி, சீட்டுக்கு நடுவே எட்டி, "குடுங்க, மாதாவ என்கிட்ட குடுங்க. நான் இந்த வூட்டு ஜனந்தான? வந்துட்டேன்ல?" என்றாள். அப்புறம்தான் அவர் கை விட்டது.

அவள் மாதாவோடு இறங்கியதும் பிரகாஷ் அதே கதவு வழியாக ஏறி, ஆம்ப்ளிபயரைத் தூக்கிக் கடாசிவிட்டுப் பின்சீட்டுக்குப் பாய்ந்தான். பின் கதவுக் குழியிலிருந்த ரப்பரைப் பிய்த்தெடுத்தான். வளையம் அங்கேதான் இருந்தது. அவருடைய முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரே இழுப்பு, கதவு திறந்துகொண்டது.

பந்தல் நிழலில் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, ஈரத்துணி போட்டு விசிறினோம். கொஞ்சம் தெளிந்ததும் ஜெயராணி மடியில் தலையைத் தாங்கி உப்புப் போட்ட மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். இரண்டு சொம்பு குடித்த பிறகு கண்ணை நன்றாகத் திறந்து, "மாதாவுக்கு ஒண்ணும் ஆவலையே?" என்றார். ஒன்றும் ஆகவில்லை என்றோம். "சுண்டலு?" என்றார். அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது. நான் சத்தமாக அழுதுவிட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

அன்றைக்கு ஜெபமாலை எப்போதையும் விடச் சத்தமாக நடந்தது. மைக் இல்லாமலே. பிரகாஷ் ஒரு மூலையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். "பெரிய பேட்டரின்னுதான் பெரியப்பா நினைச்சேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதான். "போடா, நான் மட்டும் என்னா கண்டேன்? எல்லாரும் அப்படித்தான் நினைச்சோம்" என்று பெரியநாயகம் அவன் முதுகில் தட்டினார். மறுநாள் அவரே டிராக்டரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்தார். காருக்கு உயிர் வந்தது. நாலு கைப்பிடியும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி எட்டிப் பார்த்தன. தர்மபுரிக்குப் போய்ப் புதுச் சின்ன பேட்டரியும், புதுக் கண்ணாடியும் மாட்டி வந்தது பிரகாஷ்தான். ஜெயராணி அந்தப் பக்கமே போகவில்லை.

அவள் மறுபடி ஸ்கூட்டரை எடுத்தாள். மண்டியிலிருந்து திரும்பி வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள். களத்தில் நாங்கள் யாரைப் பற்றி எவ்வளவு ருசியாகப் பேசினாலும் தலையைத் தூக்க மாட்டாள். காரின் மேல் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டாள். பாலக்கோட்டிலிருந்து ஒருத்தன் பார்க்க வருவதாகச் சொன்னாள்.

"நல்லா யோசிச்சுக்க ஜெயராணி" என்றேன்.

"யோசிக்க என்னா இருக்குதுக்கா? நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. நேந்துக்கிட்டேன். அவரக் குடுத்துட்டா. நான் கொடுக்க வேண்டியத கொடுக்கணுமில்ல?"

எங்கள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாலும் நான் அப்படித்தான் செய்வேன். ஆனால் விஷயத்தை மூடிவைக்கிற பழக்கம் எனக்கில்லையே. அன்று சாயங்காலமே பெரியநாயகத்திடம் போய் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டு டிராக்டருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பாலக்கோட்டுக்காரன் வர வேண்டிய நாள் பாப்பாரப்பட்டியில் சந்தை. நாங்கள் புளி தட்டிக்கொண்டிருந்தோம். பெரியநாயகம் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். நேரே போய்க் காரின் தார்ப்பாயை உருவிக் கீழே போட்டார்.

"என்னாங்க பண்றீங்க? அந்த ஆளு வரப்போறான்" என்று ஜெயராணி எழுந்தாள்.

"வர வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஏங்க! நான் மாதாவுக்கு நேந்துக்கிட்டது உங்களுக்குத் தெரியாது..."

"தெரியும். சின்னம்மாக்கா சொல்லுச்சு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் புளியில் நார் இருக்கிறதா என்று தேடினேன்.

"தெரிஞ்சுமா இப்படிப் பண்றீங்க? சாமி காரியத்துல விளையாடாதீங்க."

"நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. நீ நேந்துக்கிட்டப்ப எங்க நின்ன?"

"காருக்கு வெளியதான்."

"மாதா எங்க இருந்தா?"

"உள்ள. உங்க மடியில."

"கண்ணாடி?"

"மூடியிருந்துச்சு."

"பத்துப் பதினைஞ்சு பேரு தொண்ட கிழியக் கத்துனீங்க, எனக்கே ஒரு எழவும் கேக்கல. நீ வாய்க்குள்ள முணுமுணுத்தியாம். அவளுக்கு எப்பிடிடி கேக்கும்?"

களத்தில் இரும்புச் சத்தம் நின்றுவிட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜெயராணிக்கும் உதடு துடித்தது, ஆனால் விடவில்லை.

"மாதாவுக்குக் கண்ணாடி ஒரு கணக்கா? மனசுல நினைச்சாலே கேக்கும். இதெல்லாம் வக்கீலு பேச்சு. எனக்கு மனசு ஒப்பாதுங்க."

"சரி, கேட்டுச்சுன்னே வச்சுக்க. நம்ம ரெண்டு பேரு நேந்துக்கிட்டதுல யாருது முதல்ல கேட்டிருக்கும்?"

"ரெண்டு பேரா?"

பெரியநாயகம் தரையைப் பார்த்தார். இத்தனை பொம்பளைகளுக்கு நடுவில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம் அவர் கழுத்து வரை ஏறியது. ஆனால் சொன்னார்.

"மாதாவக் கூட்டியாந்தப்ப, மேல இருக்குதே சின்னக் கண்ணாடி, அதுல உன் மூஞ்சி தெரிஞ்சுது. வழி பூரா அதத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். கட்டுன நாள்லருந்து உன்னை அவ்ளோ சந்தோசமா நான் பாத்ததில்ல ராணி. இத்தினி நாளு இதப் பாக்காம டிராக்டருக்கு அடியில படுத்துக் கெடந்திருக்கேன். அப்பறம் கதவு தொறக்கல, மூச்சு முட்டுச்சு. மாதா காது என் வாய்க்கிட்டயே இருந்துச்சு. சொன்னேன். என்னை வெளிய விட்டுட்டீன்னா, இனி எங்க போனாலும் இவகூட முன்சீட்டுல குந்திக்கிட்டுதான் போவேன், நாலு பேரு என்னா, நானூறு பேரு பாத்தாலும் சரின்னு."

ஜெயராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப நீ இத வித்துட்டா, நான் எதுல குந்தி என் நேர்ச்சைய முடிக்கிறது? சொல்லு. என்னை மாதாகிட்ட பொய்க்காரனாக்கப் போறியா?"

அவர் உண்மையிலேயே உள்ளே அப்படி நேர்ந்துகொண்டாரா, இல்லை டிராக்டருக்கு அடியில் படுத்து யோசித்துக் கண்டுபிடித்தாரா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத விஷயம் அந்த வீட்டில் அது ஒன்றுதான். தெரிந்துகொள்ளவும் எனக்கு ஆசையில்லை. ஜெயராணி முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள், அட்டையோடு வந்தாள். கைப்பிடிகள் வெளியே வந்தன. அவர் முன்பக்கக் கதவைத் திறந்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு முழங்கையை வெளியே வைத்தார்.

"போலாமா? சந்தை கலைஞ்சுறப்போவுது" என்றார்.

"இருங்க. மொதல்ல அந்தக் கம்பி எங்க இருக்குதுன்னு தொட்டுக் காட்டுங்க. அப்பறந்தான் வண்டி நவுரும்."

அவர் குனிந்து தேடினார். தொட்டுக் காட்டினார்.

"இழுங்க."

இழுத்தார். கதவு திறந்தது. மறுபடி சாத்தச் சொன்னாள், மறுபடி இழுக்கச் சொன்னாள். அவர் வாய் திறக்காமல் செய்தார். அப்புறம் கார் சத்தமில்லாமல் களத்தைத் தாண்டி ரோட்டில் திரும்பியது. நாங்கள் புளி தட்ட ஆரம்பித்தோம்.